வேன் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒரு வேன் பெரியப்பா இருக்கிறார். உறவுமுறையில் அவர் மாமாவாகவோ சித்தப்பாவாகவோகூட இருக்கலாம். விடுமுறை வந்ததும் பதினான்கு சீட் வேன் ஒன்றைப் பேசி, பதினேழு பேரை ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்து இடத்தில் தனக்கென்று துண்டு போட்டு வைப்பவர் எவரோ அவரே பெரியப்பா. சட்டைப்பையில் நான்காக மடித்த தாள் இருக்கும். அதில் ஊர், சேரும் நேரம், கிளம்பும் நேரம் என்று மூன்று பத்தி. திருவையாறு 6.30. திருமழபாடி 8.10 முதல் 8.50 வரை. கங்கைகொண்ட சோழபுரம் 10.30. பாத்ரூமுக்கு அந்தத் தாளில் இடம் கிடையாது. இவரைக் கேலி செய்கிறவர்கள் எல்லோரும் இவருடைய அவசரத்தைத்தான் கேலி செய்கிறார்கள். குற்றம் அங்கே இல்லை என்பது என் கட்சி.

அவசரத்துக்கு உள்ள நியாயத்தை முதலில் பேசிவிடலாம். சோழநாட்டுக் கோயில்களில் பகல் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் சாயங்காலம் நான்குக்குத்தான் திறப்பார்கள். நடுவில் நான்கு மணி நேரம் வேன் வாடகையும் டிரைவர் பேட்டாவும் சும்மா ஓடும். கும்பகோணத்திலிருந்து நவகிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றிக்காட்ட அரசுப் போக்குவரத்துக் கழகமே பேருந்து விடுகிறது. அரசு செய்தால் சேவை, பெரியப்பா செய்தால் பறப்பதா? அவ்வளவு ஏன், திருவையாற்று ஐயாறப்பரே சித்திரையில் ஏழூர் புறப்படுகிறார். திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஆறு ஊரைத் தொட்டுவிட்டு வீடு திரும்புகிறார். அதுவும் மழபாடியில் புதிதாகக் கல்யாணமான நந்தி ஜோடியைக் கூட்டிக்கொண்டு. ஊருக்கு ஒரு வாரம் தங்கினார் என்று எந்தத் தலபுராணமும் சொல்லவில்லை. சாமி போகிற வேகத்தில் ஆசாமி போவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருமழபாடிக்கு வந்த காரணம் தாளில் இல்லை. ஆனால் வேன் முழுக்கத் தெரியும். பின்சீட்டில் காதில் இயர்போன் செருகி உட்கார்ந்திருக்கும் பெரியப்பாவின் பையனுக்கு முப்பத்திரண்டு ஆகிறது; இன்னும் பெண் அமையவில்லை. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பங்குனிப் புனர்பூசத்தில் இங்கே நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடக்கிறது. கொள்ளிடம் தாண்டித் திருவையாற்றுக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டாராக வருகிறார்கள். பங்குனியில் பெரியப்பாவுக்கு லீவு கிடைக்காது. ஆகவே, கல்யாணம் நடக்கிற இடத்தைப் பார்த்தாலே பாதிப் பலன் என்று மார்கழியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இறங்கும்போது சித்தி ஒரு சந்தேகம் கிளப்புகிறாள்: "இங்கேயும் வைத்தியநாதரா? நேத்துதானே வைத்தீஸ்வரன்கோயில் பார்த்தோம்?" பெரியப்பாவின் கண் ஒரு கணம் மின்னுகிறது. ஒரே பெயர் என்றால் ஓர் ஊரை மிச்சம் பிடிக்கலாமே! பையனின் ஜாதகம்தான் மழபாடியைக் காப்பாற்றுகிறது. உள்ளே நவகிரகத்தைச் சுற்ற அணிவகுத்தால், இங்கே தரையில் இருக்கும் குழிகளைத்தான் கிரகங்களாக வணங்குவது என்கிறார்கள். ஒன்பது சுற்றுக்கு ஒதுக்கிய ஆறு நிமிஷம் லாபம். அதைக் கல்வெட்டுக்குக் கொடுக்கிறார். ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் சொன்னான். மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மறுபடி சுவரில் வெட்டப்பட்டன. 1013க்கும் 1026க்கும் நடுவே பதின்மூன்று வருஷம் ஓடியும் வேலை மறக்கப்படவில்லை. பெரியப்பாவும் கைபேசியில் எழுபது படம் படியெடுக்கிறார், வீட்டுக்குப் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று. ஆணை பிறந்துவிட்டது. நிறைவேற்ற வேண்டிய ராஜேந்திரன் இயர்போனைக் கழற்றவில்லை.

இவரைக் காவிரிக்கரைக்கு மட்டும் உரியவர் என்று நினைத்துவிடக் கூடாது. மகள் லண்டனில் குடியேறினால், இதே பெரியப்பா சவுத்தாம்ப்டனில் கப்பலேறி நார்வேக்குப் போய், ஓலசுண்ட் துறையில் இறங்குகிறார். கப்பல் காலையில் வந்து கட்டும். சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போய்விடும். இங்கே நடை சாத்துவது கப்பல்காரன், அவ்வளவுதான் வித்தியாசம். 1904 ஜனவரியில் ஒரே தீயில் எரிந்துபோய், மூன்று வருஷத்துக்குள் கல்லும் செங்கல்லுமாக, சின்னக் கோபுரங்களும் பூவேலையுமாக மறுபடி எழுந்த ஊர் அது. பலகையில் எழுதியிருக்கிறது, பெரியப்பா பலகையைப் படமெடுக்கிறார். அக்ஸ்லா குன்றுக்கு 418 படி. சுவாமிமலையின் அறுபது படிக்கே நடுவில் உட்கார்ந்த பெரியம்மாவிடம், "பாதி ஆச்சு, கப்பல் நமக்காக நிக்காது" என்கிறார். உச்சியில் பையைத் திறந்தால், கப்பலில் காலைச் சாப்பாட்டின்போது பேப்பர் துண்டில் சுற்றி எடுத்துவந்த வாழைப்பழம் இருக்கிறது. கப்பல் நிற்கும் ஊர்க்காரர்கள் உலகெங்கும் சொல்லும் குறை இதுதான். வேளைச் சாப்பாடு டிக்கெட்டில் அடக்கம் என்பதால், இறங்குகிறவர்கள் கரையில் ஒரு காப்பிக்கே கணக்குப் பார்க்கிறார்கள். மழபாடியிலும் அதே கதை. புளியோதரை, தயிர்சாதம், இருபது லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் வேனுக்குள். ஊருக்கு விழுவது ஓர் அர்ச்சனைத் தட்டும் இரண்டு முழம் பூவும்.

நாற்பது நிமிஷத்தில் ஓர் ஊரைப் பார்க்க முடியாது என்பார்கள். பொய். சாட்சி அதே வேனில் வந்திருக்கிறார்: பெரியப்பாவின் அம்மா. மூட்டுவலியால் பிராகாரம் சுற்ற முடியாதென்று பாட்டியை வாசலில் பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்த்திவிட்டுப் போகிறார்கள். அவரிடம் தாள் இல்லை, கைபேசி இல்லை, இந்த ஊரில் எதைப் பார்க்க வேண்டும் என்ற தகவலும் இல்லை. எனவே கேட்கிறார். மற்றவர்கள் திரும்புவதற்குள், போன வெள்ளத்தில் கொள்ளிடம் எந்தத் தெருவரை வந்தது, பூ எங்கே வாங்குகிறார்கள், நந்தி கல்யாணத்தன்று எந்த வீட்டில் யாருக்கும் இலை போடுவார்கள் என்பதெல்லாம் பாட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. திருமானூர்ப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் பெண் இருக்கும் தகவல்வரை பேச்சு வந்துவிட்டது. "பேர் என்ன சொன்னே?" என்று பாட்டி குனியும்போது வேன் ஹாரன் அடிக்கிறது. "அம்மா, எட்டம்பது! ஏறும்மா." பெண்ணுக்காக வந்த பயணத்தில் பெண்ணை விட்டுவிட்டு வேன் கிளம்புகிறது. தாய்க்கும் மகனுக்கும் கிடைத்தது ஒரே நாற்பது நிமிஷம். மகனுக்கு, ஊரில் என்ன இருக்கிறது என்பது வரும்முன்பே எழுதி முடிந்துபோன விஷயம். எழுதியவற்றைச் சரிபார்க்கத்தான் அவர் இறங்கினார்.

பெரியப்பா இல்லாவிட்டால் பாட்டி வீட்டுத் திண்ணையைத் தாண்டியிருப்பாரா என்று நீங்கள் கேட்பீர்கள். தாண்டியிருக்க மாட்டார். லாட்ஜ் பேசியதும், முன்பணம் கட்டியதும், வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வைத்ததும், ஏ.சி. யாருக்கு நேராக அடிப்பது என்ற இரு மைத்துனிமார் வழக்கைத் தீர்த்ததும் அவர்தான். இந்த வாதத்தின் முன் என் கட்சி கொஞ்சம் தள்ளாடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும், பதினேழு பேரைச் சுமந்து வருகிறவர் தாளில் ஒரே ஓர் ஊருக்கு எதிரே கிளம்பும் நேரத்தை எழுதாமல் விடலாமே? சொல்லிப் பாருங்கள். "அப்புறம் எல்லாம் தப்பாப் போயிடும்" என்பார், நிஜமான பயத்தோடு.

ஆட்கள் தாண்டிப்போவது மழபாடிக்குப் புதிதல்ல. சுந்தரர் திருவாலம்பொழிலில் உறங்கியபோது, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று இறைவன் கனவில் வந்து கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. விழித்தெழுந்தவர் ஆற்றைக் கடந்து வந்து பாடியதுதான் 'பொன்னார் மேனியனே' பதிகம். பெரியப்பாவிடம் அந்த உத்தி பலிக்காது. மறந்தாயோ என்று வாயெடுப்பதற்குள், தேதியும் நேரமும் பதிந்த எழுபது படத்தையும் கனவிலேயே எடுத்து நீட்டிவிடுவார்.