இதோ வந்துவிடும் தூரம்

இங்கிலாந்துக்காரர் எழுதிய ஆங்கிலத்தை வில்லிவாக்கத்தில் உட்கார்ந்து திருத்துவது என் பிழைப்பு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கு வரன் தேடிய தரகரே நம்பவில்லை. ஜாதகத்தோடு கொடுக்கிற காகிதத்தில் 'இங்கிலீஷ் திருத்துபவர்' என்று எழுதக் கூச்சப்பட்டு, 'சாஃப்ட்வேர்' என்று போட்டுவிட்டார். ஆனால் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்களும் பாடநூல்களும் ஏராளமாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் காப்பி எடிட்டிங் ஆகி, பக்கம் கட்டி, ப்ரூஃப் பார்த்துப் போகின்றன. ஒரு பிரிட்டிஷ் பேராசிரியர் காற்புள்ளியை இடம் மாற்றிப் போட்டால், "ஐயா, இது தாங்கள் விரும்பியதுதானா?" என்று பணிவாகக் க்வெரி எழுப்புகிறவர் அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இந்தத் தொழிலில் இலக்கணத்தால் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்களே சில சொற்கள், அவைதான் உயிரை எடுக்கின்றன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கூப்பிட்டால் வேறு யாரோ திரும்பிப் பார்ப்பார்கள்.

ஃபார்தர், ஃபர்தர் என்று இரண்டு. அமெரிக்க ஸ்டைல் ஷீட்டுகளில் இதற்கு ஒரு கறாரான விதி இருக்கும். காலால் நடந்து அளக்கக்கூடிய தூரத்துக்கு ஃபார்தர். மற்ற எல்லாவற்றுக்கும் ஃபர்தர். தாம்பரம் கிண்டியைவிடத் தள்ளி இருந்தால் ஃபார்தர். விசாரணை மேற்கொண்டு நடந்தால் ஃபர்தர். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு, "ஃபார் என்றால் தூரம், அது உள்ளேயே இருக்கிறது பார், அதனால் தூரத்துக்கு ஃபார்தர்" என்று சொல்லிக்கொடுப்பேன். உடனே பிடித்துக்கொள்வார்கள். சொல்லிக்கொடுக்க வசதியாக இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

உண்மையில் ஃபார்தர், ஃபார் பெற்ற பிள்ளையே அல்ல. பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த மூத்தவர் ஃபர்தர்தான்; அவர் 'முன்னே' என்று பொருள்படும் சொல்லின் வம்சம். ஃபாருக்கு ஃபாரர் என்று சொந்தமாக ஒரு வாரிசு இருந்து, நடுவில் தவறிப்போனது. ஃபர்தர் வீட்டில் உச்சரிப்பு கொஞ்சம் திரிந்து பிறந்த ஃபார்தரை, முகஜாடை ஒத்துப்போகிறதே என்று ஃபார் வீட்டார் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். சொத்து இன்னாருக்கு இவ்வளவு என்று பத்திரம் எழுதியதெல்லாம் பிற்காலத்து இலக்கணக்காரர்கள். 1926இல் வந்த தம் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதியில் ஃபவுலர், இந்த இரண்டையும் இடம் பார்த்துப் பிரித்து எழுதுகிறவர் அநேகமாக யாரும் இல்லை, பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ஃபர்தரைத்தான் போடுகிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டார். லண்டன் ஆசிரியர் இன்றும் அப்படித்தான் எழுதி அனுப்புகிறார். நியூயார்க் பதிப்பகம் ஸ்டைல் ஷீட்டைக் காட்டுகிறது. நான் மாற்றுகிறேன். அவர் ப்ரூஃபில் பழையபடி மாற்றுகிறார். எங்கள் இருவருக்கும் அதில் பணம் வருகிறது. அவருக்குக் கொஞ்சம் கம்மி என்று கேள்வி.

தூரமாவது பரவாயில்லை. நேரத்தில்தான் ஆங்கிலத்தின் சாயம் வெளுக்கும்.

வெள்ளைக்காரன் நேரம் தவறமாட்டான் என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அவன் அகராதியைப் புரட்டினால் வேறு கதை கிடைக்கிறது. 'சூன்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்று பொருள். சூன் வருகிறேன் என்றவர்கள் யாரும் உடனே வராததால் அது மெல்ல மெல்ல 'சீக்கிரம்' என்றாயிற்று. காலியான அந்த வேலைக்கு 'அனான்' வந்தது. அதற்கும் முதலில் 'உடனே' என்றுதான் பொருள். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் மதுக்கடைப் பையன் ஒருவன் வருவான். இளவரசன் ஓர் அறையிலிருந்தும் கூட்டாளி இன்னோர் அறையிலிருந்தும் மாற்றி மாற்றிக் கூப்பிட, அவன் அனான், அனான் என்று சொல்லிக்கொண்டே நடுவில் நின்று தவிப்பான். நானூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் சப்ளையர். நம் ஓட்டலில் "இதோ வந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு எதிர்த்திசையில் போகிற அண்ணனுக்கு அவன் நேர் முன்னோர்.

அப்புறம் 'பை அண்ட் பை'. இன்றைக்கு இதற்கு 'காலக்கிரமத்தில்', 'போகப்போக' என்கிற மாதிரி நிதானமான பொருள். ஆனால் 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில், மாற்குவின் ஆறாம் அதிகாரத்தில், ஏரோதின் முன்னால் நடனமாடிய பெண் யோவானின் தலையைத் தட்டில் வைத்து எப்போது கேட்கிறாள் தெரியுமா? பை அண்ட் பை. அந்தக் காலத்தில் அதற்கு 'இந்த நிமிஷமே' என்று பொருள். இன்றைய ஆங்கிலத்தை வைத்துப் படித்தால், "ஒன்றும் அவசரமில்லை மாமா, உங்களுக்குத் தோதுப்படும்போது ஒரு தலை கொடுத்தனுப்புங்கள்" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

நாலாவது 'ப்ரெசென்ட்லி'. அதுவும் 'உடனே' என்று தொடங்கி, 'கொஞ்ச நேரத்தில்' என்று தேய்ந்து, அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் 'இப்போது' என்ற பொருளில் நடமாடுகிறது. நோயாளி ப்ரெசென்ட்லி மருந்து எடுத்துக்கொள்கிறார் என்று ஒரு டாக்டர் எழுதினால், அவர் விழுங்கிக்கொண்டிருக்கிறாரா, விழுங்கப்போகிறாரா என்று ஒரு க்வெரி போட இடம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 'ஜஸ்ட் நவ்' என்றால் 'அப்புறமாக' என்று அர்த்தம். நாம் அதையே 'இப்பத்தான் முடிஞ்சது' என்பதற்கு வைத்திருக்கிறோம். ஜோகன்னஸ்பர்க் எடிட்டர் ஜஸ்ட் நவ் அனுப்புகிறேன் என்றதை நம்பி, எங்கள் பிரிவில் ஒரு பெண் அன்று மாலை முழுக்க இன்பாக்ஸைத் திறந்து திறந்து மூடினாள்.

ஆக, ஒரு தேசமே 'உடனே' என்று சொல்ல நாலு சொல்லைக் கண்டுபிடித்து, நாலையும் தாமதத்தாலேயே கெடுத்திருக்கிறது. நாம் இந்த விஷயத்தில் புத்திசாலிகள். சொல்லைக் கெடுக்கவில்லை, காலத்தையே மாற்றிவிட்டோம். கைலியை இறுக்கிக் கட்டியபடி, செருப்பைத் தேடிக்கொண்டே போனில் "வந்துட்டேன்" என்கிறோம். கிளம்பாதவனுக்கு இறந்தகாலம். இதை ஆங்கிலத்தில் எழுதினால் எந்தக் காப்பி எடிட்டரும் விடமாட்டார்.

'மொமெண்டரிலி' பற்றி எழுதாமல் விட்டால் தொழில் துரோகம். அமெரிக்கருக்கு அது 'சற்று நேரத்தில்'. பிரிட்டிஷாருக்கு 'சற்று நேரம் மட்டும்'. அமெரிக்க விமானத்தில் "மொமெண்டரிலி தரை இறங்குவோம்" என்று அறிவித்தால் ஆங்கிலேயர் பெட்டியை அணைத்துக்கொண்டு குதிக்கத் தயாராவார் என்பது பழைய கேலி. நமக்கு இதில் கேலி ஒன்றும் இல்லை. நம் டவுன் பஸ்கள் சுத்தமான பிரிட்டிஷ் அர்த்தத்தில்தான் நிற்கின்றன.

தூரமும் நேரமும் ஒன்றாகக் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. புதன்கிழமை மீட்டிங்கை இரண்டு நாள் 'ஃபார்வர்டு' நகர்த்தியாயிற்று என்று மெயில் வருகிறது. மீட்டிங் எப்போது? திங்களா, வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இரண்டு கட்சி. லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்காரும் 2002இல் இதை வைத்து ஓர் ஆய்வே வெளியிட்டார்கள். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்கள், விமான நிலையத்தில் இருப்பவர்கள், ரயில் பயணிகள் என்று பிடித்துக் கேட்டார்கள். வரிசையில் ரொம்ப தூரம் நகர்ந்து வந்தவர்களும், அப்போதுதான் விமானத்தை விட்டு இறங்கியவர்களும் வெள்ளி என்று சொல்லும் சாய்வு அதிகம். அழைத்துப்போக வந்து சும்மா நின்றவர்களிடம் அது குறைவு. உடம்பு இடத்தில் நகர்ந்தால் மனசு காலத்தில் நகர்ந்துவிடுகிறதாம்.

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர்கள். அதனால் ஒருமனதாகத் திங்கள் என்று முடிவு செய்து, கான்ஃபரன்ஸ் அறையில் ஏசியைப் போட்டு, தலைக்கு இரண்டு பிஸ்கட் வைத்துக் காத்திருந்தோம். எதிர்முனையில் ஆளே இல்லை. வாடிக்கையாளர் வெள்ளிக்கட்சி. பிஸ்கட் மட்டும் தீர்ந்தது.

தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. "முன்னாடியே வெச்சாச்சு" என்றால் திங்கள். "தள்ளிப் போட்டாச்சு" என்றால் வெள்ளி. இதையே ஆங்கிலத்திலும் சாதிக்கத்தான் நாம் 'ப்ரிபோன்' என்று ஒரு சொல்லைப் புழங்குகிறோம். போஸ்ட்போனுக்கு நேர் எதிர். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. ஆனால் அதை எழுதினால் அமெரிக்க எடிட்டர் சுற்றி வளைத்து வட்டம் போட்டு, "இப்படி ஒரு சொல் உண்டா?" என்று கேட்கிறார். ஃபார்வர்டைக் கேட்கமாட்டார்.

'டில்' என்பதையும் நான் ஒழிக்கச் சொல்லமாட்டேன். "ஐயாம் ஆன் லீவ் டில் மண்டே." திங்கள் சேர்த்தியா, இல்லையா? அமெரிக்கர்கள் இதற்காகவே 'த்ரூ' என்று வைத்திருக்கிறார்கள். திங்கள் த்ரூ வெள்ளி என்றால் வெள்ளியும் சேர்ந்தது. நாங்கள் த்ரூ பக்கமே போவதில்லை. டில் போட்டால் மேலாளர் திங்களன்று எதிர்பார்ப்பார், நாம் செவ்வாயன்று வரலாம். இலக்கணம் தெரிந்ததற்கு வருஷத்தில் நாலைந்து நாள் போனஸ்.

ஃபார்ட்னைட் என்பது பதினான்கு இரவு. ஏழு இரவுக்கு சென்னைட் என்று ஒன்று இருந்து செத்துவிட்டது. இருந்திருந்தால் நம்மூர்ப் பெயர் என்று நினைத்துப் பாதிப் பேர் விண்ணப்பம் போட்டிருப்பார்கள். அமெரிக்கர்கள் இரண்டையும் தொடமாட்டார்கள். 'பைவீக்லி' என்பார்கள். அது வாரம் இருமுறையா, இருவாரத்துக்கு ஒருமுறையா? அகராதி இரண்டையும் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிறது. 'மாதமிருமுறை' என்று அட்டையில் அச்சிட்ட தமிழ்ப் பத்திரிகைக்காரர் யாருக்கும் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்ததற்கு விருது கொடுத்ததாகத் தெரியவில்லை.

பழைய அளவைகளைத் தோண்டினால் தூரமும் நேரமும் ஒரே வீட்டில்தான் குடியிருந்திருக்கின்றன. 'ஜர்னி' என்பது பிரெஞ்சில் 'ஒரு பகல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு பகலில் போகிற வழி. அதனால் ஜர்னிமேன் என்றால் பயணி அல்ல, நாட்கூலிக்காரர். 'லீக்' என்பது ஒரு மணி நேரம் நடக்கிற தூரம். நம் ஊரில் நாழிகைவழி என்று இருந்ததே, அதற்குப் பங்காளி. நாழிகை 24 நிமிஷம்; அதற்குள் நடக்கும் தூரம் நாழிகைவழி. ஜூல் வெர்னின் 1870ஆம் வருஷத்து நாவலில் நீர்மூழ்கிக் கப்பல் இருபதாயிரம் லீக் ஆழத்துக்குப் போனது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது கடலுக்கடியில் சுற்றிய தூரம். பிரெஞ்சு லீக் கணக்கில் 80,000 கிலோமீட்டர். பூமியின் குறுக்களவே 12,700 கிலோமீட்டர் சொச்சம்தான். அத்தனை ஆழம் போயிருந்தால் கப்பல் மறுபக்கம் வெளியே வந்து இன்னும் போய்க்கொண்டிருக்கும்.

மைல் கதை இன்னும் ருசி. ரோமானியருக்கு அது ஆயிரம் இரட்டைத் தப்படி, அவர்கள் கணக்கில் 5,000 அடி. இங்கிலாந்தில் உழவர்கள் நிலத்தைப் பர்லாங்கில் அளந்தார்கள். பர்லாங் என்பது ஓர் உழவுசாலின் நீளம்; 220 கஜம். நிலப் பத்திரமெல்லாம் பர்லாங்கில் இருக்கும்போது அதை மாற்ற யாருக்குத் துணிச்சல் வரும்? எனவே 1593இல் நாடாளுமன்றம் மைலை இழுத்து 8 பர்லாங், அதாவது 5,280 அடி ஆக்கிவிட்டது. அதுவும் எந்தச் சட்டத்தில்? லண்டனைச் சுற்றி 3 மைலுக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது என்கிற சட்டத்தில். மைல் பிறந்ததே ரியல் எஸ்டேட்டுக்காக. அது போதாதென்று அயர்லாந்து தன் மைலை 2,240 கஜமாக வைத்துக்கொண்டது. கடல் மைல் 1,852 மீட்டர் என்று தனியாகப் போய்விட்டது. நம் மனைக்காரர்கள் இந்த வம்பே வேண்டாமென்று மைலையும் கிலோமீட்டரையும் சேர்த்துத் தலைமுழுகிவிட்டார்கள். 'ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிடம்' என்றுதான் விளம்பரம். எந்த வாகனத்தில், எத்தனை மணிக்கு, எந்த நூற்றாண்டில் என்று கேட்கிற காப்பி எடிட்டரை அவர்கள் வேலைக்கு வைப்பதில்லை.

பர்லாங்கை இன்னும் கைவிடாதவர் என் மாமனார். தஞ்சாவூர்ப் பக்கம் அவர் கிராமத்துக்குப் போயிருந்தபோது, அய்யனார் கோயில் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "ரெண்டு பர்லாங்குதான் மாப்ளே, இப்படிப் போய் அப்படி வந்துடலாம்" என்றார். கிளம்பினோம். வாய்க்கால் கரையோடு நடந்து, மதகைத் தாண்டி, ஒரு மூங்கில் தோப்பைச் சுற்றி, மறுபடி ஒரு வாய்க்கால். செல்போன் நாலாயிரம் தப்படி என்று பாராட்டுத் தெரிவித்தது.

"மாமா, ரெண்டு பர்லாங் தாண்டி ரொம்ப நேரமாச்சு போலிருக்கே."

அவர் நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு இடப்பக்கம் விளைந்து நின்ற வயலைக் காட்டினார். "இதுக்குக் குறுக்க போனா ரெண்டு பர்லாங்குதான் மாப்ளே. கதிர் நிக்குதேன்னு நாம சுத்திக்கிட்டு வர்றோம். அதுக்குப் பர்லாங் என்ன பண்ணும்?"