திறமை விளையாட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடியும். ரம்மிக் கடையை ஐந்து மணிக்கே திறந்துவிடச் சொன்னது அரசு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதி அது. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை பணம் கட்டி ஆடக்கூடாது என்றது. தூங்குகிற நேரத்தில் மக்கள் தூங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ராத்திரியில் தூங்குகிறவர்கள் மட்டுமே மக்கள் என்று நினைப்பவர்களின் நல்லெண்ணம். விடிய விடிய உலைச் சூட்டில் நின்றவர் கேட்டைத் தாண்டும்போது டீக்கடையும் திறந்திருந்தது, செல்போனில் ரம்மிக் கடையும் திறந்திருந்தது. டீக்காவது நாலடி நடக்க வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை வர வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. சிகரெட் அட்டையில் அழுகிய தொண்டையைப் பார்த்துவிட்டு அதே அட்டையில் இன்னொன்றை உருவுகிற ஊர் இது. எச்சரிக்கையா நம்மை நிறுத்தும்?

ஏன் அப்போதே முழுசாகத் தடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். ரம்மி திறமை விளையாட்டு. 1960களில் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த சீட்டாட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டும். சரிதான். மேசையைச் சுற்றி நாலு பேர் முகம் பார்த்து ஆடிய ஆட்டத்துக்கு அது பொருந்தியது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு வந்து செல்போனுக்குள் கடை போட்டார்கள். சூதாட்டத்தில் தோற்றவர் ஏமாந்துவிட்டேன் என்றாவது அழலாம். திறமை விளையாட்டில் தோற்றவருக்கு அதற்கும் வழியில்லை. திறமை போதவில்லை, போய் வா.

இதைத் தடுக்க நம் ஆட்சியாளர்கள் ஆடிய ஆட்டம் அதைவிடத் திறமையானது. 2020 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம். அடுத்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஜூனில் மணலியில் ரம்மியில் பணத்தை இழந்த ஓர் இளம் தாய் உயிரை விட்டார். நீதிபதி சந்துரு குழு அமைந்தது. இரண்டே வாரத்தில் அறிக்கை கொடுத்தது. இந்த நாட்டில் ஒரு குழு இரண்டு வாரத்தில் அறிக்கை கொடுத்ததைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அக்டோபர் 1ஆம் தேதி ஆளுநர் ரவி அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே மாதம் சட்டமன்றம் அதையே மசோதாவாக நிறைவேற்றி அனுப்பியது. அங்கேதான் பேனா நின்றது. நவம்பரில் அவசரச் சட்டம் காலாவதியானது. டிசம்பரில் ஆளுநர் ஆன்லைன் விளையாட்டு நிறுவனப் பிரதிநிதிகளைச் சந்தித்தார். 2023 மார்ச்சில் மசோதா திரும்பி வந்தது, இப்படிச் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று. அக்டோபரில் இருந்த அதிகாரம் மார்ச்சில் எங்கே போனது? மறுபடி நிறைவேற்றி, மறுபடி அனுப்பி, ஏப்ரலில்தான் ஒப்புதல். நடுவில் நாலு மாதத்துக்கு மேல் சட்டமே இல்லை. ஆப்புகளுக்கு விடுமுறை இல்லை. நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. திறமை!

டெல்லி சும்மா இருக்கவில்லை. 2023 அக்டோபர் முதல் கட்டும் பணம் முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. ஆறே மாதத்தில் வசூல் 412 சதவீதம் உயர்ந்து 6,909 கோடி ரூபாய் ஆனதை அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு பெருமையாகவே அறிவித்தார்கள். அதற்கடுத்த ஆண்டு ஆகஸ்டில் திடீரென்று ஞானோதயம். 45 கோடிப் பேர் ஆண்டுக்கு 20,000 கோடியை இழக்கிறார்களாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை மசோதா மக்களவையில் 20ஆம் தேதி, மாநிலங்களவையில் 21ஆம் தேதி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 22ஆம் தேதி. மூன்று நாளில் முடிகிற காரியம்தான் இது. மூன்று நாள் கிடைக்க இத்தனை வருடம் ஆனது. அதுவரை இப்படியொரு ஆப்பின் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஆடிய இந்தியக் கிரிக்கெட் அணி, அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் வெறும் நெஞ்சோடு இறங்கியது.

இனி இந்த அடிமைப் பழக்கத்தைப் பற்றிய ஆய்வுக்கு வருவோம். 1995இல் நியூயார்க் மனநல மருத்துவர் ஐவன் கோல்ட்பர்க் 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றை வேடிக்கைக்காக எழுதிப் போட்டார். எனக்கும் அதுதான் டாக்டர் என்று ஆட்கள் வந்து நின்றார்கள். பிறகு கிம்பர்லி யங் அதை அளக்க இருபது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். அமெரிக்க மனநலச் சங்கம் 2013இல் இணைய விளையாட்டுக் கோளாறை இன்னும் ஆராய வேண்டியவை பட்டியலில் போட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளையாட்டுக் கோளாறை நோய் என்றே ஏற்றது. எல்லாம் முறையாகவே நடந்தது.

நம் ஊரில் யங்கின் அந்தப் படிவம் யாரிடம் போகிறது? பெரும்பாலும் கல்லூரி மாணவர்களிடம். அவர்கள்தான் ஏசி வகுப்பில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், பேராசிரியர் சொன்னால் நிரப்புவார்கள். படிவத்தின் ஏழாவது கேள்வி, முக்கியமான வேலையை விட்டுவிட்டு முதலில் மின்னஞ்சலைப் பார்ப்பதுண்டா என்பது. கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் இதைக் கேளுங்கள். ஒடிசாவிலிருந்து வந்து, பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரோடு தங்கி, பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் படுக்கிற ஒப்பந்தத் தொழிலாளியிடம் கேளுங்கள். அவருக்கென்று இருக்கிற ஒரே தனி இடம் கையிலுள்ள ஆறங்குலத் திரை. தடைக்கு முன் காலை சென்னை லோக்கலில் ஏறினால் பொன்னேரி வருவதற்குள் பத்துப் பேர் திரையில் சீட்டு இறக்கியிருப்பார்கள். சம்பளம் ஏறிய எஸ்எம்எஸ்ஸுக்கும் கடன் ஆப்பின் எஸ்எம்எஸ்ஸுக்கும் நடுவே அத்தியாவசியமான மின்னஞ்சல் எதுவும் அவருக்கு வருவதில்லை.

உண்மையான ஆய்வு வேறு இடத்தில் நடந்தது. யார் எத்தனை மணிக்குத் திறக்கிறார், எத்தனை தோல்விக்குப் பிறகு மூடப் பார்க்கிறார், அந்த நொடியில் எவ்வளவு போனஸ் நீட்டினால் திரும்பி உட்காருவார் என்பதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் பிராணி விடாமல் பித்தானைத் தட்டும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆயிற்று. சர்வரில் இருந்த அந்தத் தரவு ஆய்வாளரின் கைக்கு வராது. அது வணிக ரகசியம். ஆய்வாளருக்கு ஏழாவது கேள்வி போதும்.

அரசுத் தரப்பில் விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. பேரணி, பதாகை, வெயிலில் நிறுத்திய பள்ளிப் பிள்ளைகள். செல்போனைத் தவிர்ப்போம் என்ற உறுதிமொழியைக்கூட க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எடுக்கச் சொன்னாலும் வியப்பில்லை. சான்றிதழ் செல்போனுக்கே வந்துவிடும்.

நம் ஆய்வாளர்கள் அந்த இருபது கேள்விகளை ஒருமுறை கோட்டைக்குக் கொண்டுபோகலாம். ஒரு பழக்கத்தை விட்டதும் இன்னொன்றைப் பிடித்ததுண்டா? உண்டு. லாட்டரியை 2003இல் தடை செய்து, அதே ஆண்டிலேயே மதுக்கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. நிறுத்துவதாக வாக்குக் கொடுத்துவிட்டு நிறுத்தாமல் போனதுண்டா? தேர்தல் மேடைகளில் உண்டு. குடும்பம் சீரழிவது தெரிந்தும் தொடர்கிறீர்களா? அதற்குத்தான் இலவசத் திட்டங்கள் கொடுக்கிறோம். போன வருடம் போதுமானதாக இருந்த அளவு இந்த வருடம் போதவில்லையா? டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி.