அரியர் என்னும் ஆழ்ந்த படிப்பு

தமிழ்நாட்டில் பி.இ. படிப்பு 4 ஆண்டுகள், 8 செமஸ்டர்கள் கொண்டது. இது அவசரக்காரர்களுக்கான ஏற்பாடு. பொறுமைசாலிகளுக்கு ‘அரியர்’ உண்டு. அதில் பட்டம் ஆவக்காய்போல நிதானமாக ஊறும். முதல் செமஸ்டர் கணக்கை ஒரே தடவையில் முடித்தவர் மறுவாரமே மறந்துவிடுகிறார். 12 தடவை எழுதியவருக்கோ வினாத்தாளின் அச்சுப்பிழைகூட மனப்பாடம். புலமை என்றால் இதுவல்லவா!

பல்கலைக்கழகங்களும் இந்தத் தவத்தை மதிக்கின்றன. உச்சவரம்பு இத்தனை ஆண்டு என்று விதி வகுக்கும்; பிறகு மனமிரங்கி, சிறப்புக் கட்டணத்தோடு ‘சிறப்பு வாய்ப்பு’ அருளும். 2020 ஆகஸ்டில் கொரோனாவை முன்னிட்டு, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தாலே அரியரில் தேர்ச்சி என்றது அரசு. ஊரெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. எழுதாமல் தேறுவது மூத்த அரியர்காரர்களின் உழைப்புக்கு இழுக்குதானே.

இப்படிப்பின் சிகரம் தேர்வறையில் தெரியும். கண்காணிப்பாளராக நிற்பவர் அன்றைய முதல் பெஞ்சு நண்பர். இன்று முனைவர், தொகுப்பூதிய விரிவுரையாளர். விடைத்தாளை நீட்டும்போதே, அரியர்காரர் நடத்தும் பேக்கரியில் தனக்குக் கணக்கெழுதும் வேலை கிடைக்குமா என்று மெல்லக் கேட்கிறார்.

டிகிரி முடித்தவர்களைத்தான் பேக்கரியில் எடுப்பார்கள். அவர் தகுதியானவரே.