பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது

இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் ஒரு கால்பந்து கிளப்புக்கு வெட்னஸ்டே என்று பெயர். புதன்கிழமை மதியம் லீவு கிடைத்த தொழிலாளிகள் கூடி கிரிக்கெட் ஆடியதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. குளிர்காலத்தில் சும்மா உட்கார்ந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்து, 1867-ல் பந்தை உதைக்க ஆரம்பித்தார்கள். 1899-ல் சொந்த மைதானம் அமைந்தது. அதுதான் ஹில்ஸ்பரோ. 1989-ல் அங்கே நடந்த நெரிசலில் 97 பேர் உயிர் போனது. அந்தத் துயரத்தைக் கேலிக்கு வெளியே வைத்துவிட்டு, அதே மைதானத்துக்கு ஒரு கிரயப் பத்திரம் எழுதப்பட்ட கதைக்கு வருவோம்.

2015-ல் தாய்லாந்திலிருந்து வந்து இறங்கினார் டெஜ்போன் சான்சிரி. குடும்பத் தொழில் டூனா மீனை டப்பாவில் அடைத்து உலகம் முழுக்க விற்பது. 3.75 கோடி பவுண்டு கொடுத்து கிளப்பை மைதானத்தோடு சேர்த்து வாங்கினார். 2017-ல் கிளப்புக்கு 150 வயது. அதற்குள் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் ஏற்றிக் காட்டுவேன் என்றார். 2016-ல் அதற்கான பிளே-ஆஃப் இறுதிப் போட்டிக்கு வெம்ப்ளி மைதானம் வரை போய் ஹல் சிட்டியிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். 2017-ல் பிளே-ஆஃப் அரையிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் பெனால்டியில் விழுந்தார்கள். பிறந்தநாள் வந்தது, பிரீமியர் லீக் வரவில்லை. ஆனால் அதற்காக வாங்கிக் குவித்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து நின்றது.

இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பை நடத்தும் ஈ.எஃப்.எல். ஒரு வரம்பு கட்டியிருந்தது: மூன்று வருடத்தில் 3.9 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. காட்டினால் புள்ளி போகும். பணக்கார முதலாளி தன் காசைத் தானே எரிப்பதையும் தடுக்கும் விதி இது. ஆனால் 2016-ல் விதிகளைத் திருத்தி எழுதியவர்கள் ஒரு வரியைக் கோட்டைவிட்டார்கள். நிலம், கட்டடம் விற்று வரும் லாபத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற பழைய வரி, புதிய விதிப்புத்தகத்தில் காணாமல் போயிருந்தது. வக்கீல்களும் ஆடிட்டர்களும் வெறுமனே படிப்பவர்கள் அல்லவே, விட்டுப்போனதைத் தேடிப் படிப்பவர்கள்!

விளைவு, ஹில்ஸ்பரோ விற்பனைக்கு வந்தது. விற்றவர் சான்சிரி. வாங்கியவர் சான்சிரி. விலை சுமார் 6 கோடி பவுண்டு. கிளப், மைதானம், கொடிக்கம்பம் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்கு முன் 3.75 கோடிக்கு வாங்கியவர், இப்போது மைதானத்துக்கு மட்டும் 6 கோடி கொடுத்தார். பேரம் எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, விலை குறைவு என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழ் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. வில்லங்கமே நேரில் வந்து கையெழுத்துப் போட்டது.

இதில் கிடைத்த லாபம் 3.8 கோடி. அது 2018 ஜூலையோடு முடிந்த கணக்கில் ஏறியது. 3.5 கோடிக்கும் மேல் நஷ்டம் காட்டியிருக்க வேண்டிய கிளப், சுமார் 25 லட்சம் பவுண்டு லாபம் காட்டியது.

இதுவரை நடந்ததில் குற்றம் எதுவும் இல்லை என்பதுதான் கதையின் அழகு. மாட்டிக்கொண்டது தேதியில். மைதானத்தை வாங்கிய சான்சிரி கம்பெனியின் பெயர் ஷெஃபீல்ட் 3 லிமிடெட். அது பதிவானதே 2019 ஜூனில். அதாவது 2018-ல் கல்யாணம் முடிந்து மொய்க் கணக்கும் எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை பிறந்தது மறுவருடம்.

2019 நவம்பரில் ஈ.எஃப்.எல். குற்றச்சாட்டு வைத்தது. சான்சிரி தரப்பு அசரவில்லை. இந்த விற்பனைக்கு நீங்கள்தானே எழுத்தில் சம்மதம் கொடுத்தீர்கள் என்று, ஈ.எஃப்.எல். மீதே மத்தியஸ்த வழக்குப் போட்டது. சான்சிரி உள்ளிட்ட தனி நபர்கள் மீது இருந்த குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. கிளப் மட்டும் கூண்டில் நின்றது.

2020 ஜூலை 31 அன்று ஒழுங்கு விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது. அந்த லாபத்தை அந்த வருடக் கணக்கில் சேர்த்தது தப்பு. 12 புள்ளி போச்சு. வேண்டுமென்றே தகவலை மறைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. சுருக்கமாக, பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டுவிட்டார்கள். ஆனால் தீர்ப்பு வரும்போது அந்த சீசன் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதே சீசனில் 12-ஐக் கழித்திருந்தால் வெட்னஸ்டே அன்றே மூன்றாம் அடுக்குக்கு இறங்கியிருக்கும். அந்த இடத்தில் சார்ல்டன் இறங்கியது. தண்டனை அடுத்த சீசனுக்குத் தள்ளிப் போனது. நவம்பரில் மேல்முறையீட்டில் 12 பாதியாகி 6 ஆனது. அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கோச் கேரி மங்க் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்து வந்த டோனி பியூலிஸ் 45 நாளில் கிளம்பினார்.

இதே காலத்தில் டெர்பி கவுன்டி கிளப்பின் முதலாளி மெல் மோரிஸ் அதே வித்தையைச் சுத்தமாகச் செய்திருந்தார். இவருடைய சொத்து கேண்டி கிரஷ் விளையாட்டில் வந்தது. மிட்டாய்களை இடம் மாற்றி வரிசை சேர்த்தால் மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? பிரைட் பார்க் மைதானத்தைத் தன்னுடைய கம்பெனிக்கே 8.11 கோடி பவுண்டுக்கு விற்றார். மதிப்பைக் கூட்டிக் காட்டினார் என்று ஈ.எஃப்.எல். வழக்குப் போட்டது. வெட்னஸ்டேவுக்குத் தீர்ப்பு வந்த சில வாரங்களில் டெர்பி அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டது. ஒரே வித்தைதான். ஒருவருக்குப் பத்திரத்தில் தேதி சரியாக இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

கதை எழுதுபவன் இப்படி எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்: 2021 மே 8, சீசனின் கடைசி நாள், தரமிறங்காமல் தப்பிக்க இந்த இரண்டு கிளப்புகளும் நேருக்கு நேர் மோதின. இடம், மோரிஸ் மோரிஸுக்கு விற்ற பிரைட் பார்க். 3-3 என்று முடிந்தது. டெர்பி 44 புள்ளியோடு தப்பியது; வெட்னஸ்டே 41 புள்ளியோடு கடைசி இடத்தில் இறங்கியது. வெட்டிய 6 புள்ளியைக் கூட்டிப் பார்த்தால் 47. இறங்கியிருக்க வேண்டியது டெர்பி!

டெர்பி சிரித்ததும் நாலு மாதம்தான். செப்டம்பரில் கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அதற்கு 12 புள்ளி, பழைய கணக்கு வழக்குக்கு இன்னொரு 9, மொத்தம் 21 பறிபோய் அதுவும் இறங்கியது. அப்போதுதான் அந்தச் சுத்தமான விற்பனையின் விலை தெரிந்தது. கிளப்பை வாங்க வந்தவர்கள், மைதானத்துக்கு மோரிஸ் கம்பெனியோடு தனிப் பேரம் பேச வேண்டியிருந்தது. 2022-ல் டேவிட் கிளவ்ஸ் இரண்டையும் வாங்கித்தான் கிளப்பையும் மைதானத்தையும் மறுபடி ஒரே கையில் சேர்த்தார்.

ஈ.எஃப்.எல். பிறகு அந்த ஓட்டையை அடைத்தது. பிரீமியர் லீக் அப்போது அடைக்கவில்லை. அதனால் அங்கே ஆடும் செல்சீ கிளப் தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் சகோதர கம்பெனிக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. அதற்குப் பெயர் நிதி மேலாண்மை.

சான்சிரியோ 2023-ல், 20,000 ரசிகர்கள் ஆளுக்கு 100 பவுண்டு போட்டால் 20 லட்சம் திரட்டலாம் என்று யோசனை சொன்னார். தன்னிடமிருந்து 6 கோடிக்கு மைதானம் வாங்கிய மனிதர் கேட்ட மொய் அது. 2025 அக்டோபரில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. மேல்முறையீட்டில் பாதியாக்கிய அதே 12 புள்ளி இந்த முறை முழுசாகக் கழிந்தது. கூடவே ஷெஃபீல்ட் 3 லிமிடெட்டும் நிர்வாகிகளின் கைக்குப் போனது. ஆக ஹில்ஸ்பரோ மறுபடி விற்பனைக்கு வந்தது. இந்தத் தடவை வாங்குபவர் வேறு ஆளாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. பணமும் நிஜமாகவே கைமாற வேண்டியிருந்தது.