கடைசிப் பக்கத்துத் தணிக்கை

லெண்டிங் லைப்ரரியில் புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறவர்களில் ஒரு சாரார் முடிவு சுபமா என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் ‘அவர்’ என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். இந்த ‘அவர்’ ஊருக்கு ஒருவர் உண்டு. மதுரையில் அவர் சிவப்பு மையால் எழுதினார் என்று நண்பன் ஒருவன் சத்தியம் செய்கிறான். எங்கள் கும்பகோணத்தில் அவர் பென்சில்காரர்.

பத்திரிகைகள் மதிப்புரை என்ற பெயரில் இரண்டு பத்தி எழுதி, ‘அச்சும் அமைப்பும் நேர்த்தி’ என்று முடித்துக்கொண்ட காலம் அது. பென்சில்காரருக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. கதை முடிந்த இடத்துக்குக் கீழே, வெள்ளையாக மிஞ்சிய ஒரு விரற்கடை இடத்தில் நுணுக்கி எழுதுவார். ‘சுமார். 40 பக்கம் அதிகம்.’ ‘அம்மா நன்று. மகன் வீண்.’ ‘ரயிலில் படிக்கலாம், விழுப்புரம் வரை.’ கீழே தேதி, ஒரு டிக்.

அந்த டிக்கை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். மனிதர் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பஞ்சாயத்துக் கணக்குகளில் தடை எழுதிய கை, ஓய்வு பெற்ற மறுநாள் எழுதுவதற்கு ஏதுமின்றித் தவித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குமேல் கணக்கு இடிக்கிற இடம் தமிழ் நாவல்தான் என்று கண்டுகொண்டார்.

நேரில் பார்த்தால் இவரா என்று தோன்றும். ஒல்லி. மஞ்சள் பை, குடை, ஒரு பழைய சைக்கிள். மாலை ஐந்து மணிக்கு லைப்ரரிக்காரர் பலகைக் கதவைக் கழற்றி வைத்த ஐந்தாவது நிமிஷம் உள்ளே இருப்பார். “இது எப்படி சார்?” என்று எந்தப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டாலும் ஒரே பதில்: “படிக்கலாம்.” கம்பராமாயணத்தைக் காட்டினாலும் படிக்கலாம், ரயில்வே கால அட்டவணையைக் காட்டினாலும் படிக்கலாம். வாய் ராஜதந்திரி, கைதான் வில்லன்.

சரித்திர நாவல் என்றால் அவருக்கு முதல் கவலை குதிரை. ‘காலையில் கிளம்பிய குதிரை. இப்போது அர்த்தசாமம். கொள்ளு?’ என்று ஓரத்தில் கேட்டிருப்பார். கதாநாயகன் வாள் வீசிக்கொண்டிருக்கும்போது நமக்கும் அந்தக் குதிரை நினைவாகவே இருக்கும். சாண்டில்யனின் கடல் புறா மூன்று பாகங்களையும் அவர் விடாமல் படித்தார் என்பதற்கு அத்தாட்சி உண்டு. இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில், ‘கதாநாயகி வர்ணனை 4 பக்கம். கப்பல் அங்கேயே நிற்கிறது’ என்று எழுதியிருந்தார். அந்த நாலு பக்கத்தின் ஓரங்கள் மட்டும் மற்றப் பக்கங்களைவிடக் கொஞ்சம் அழுக்காக இருந்தன. அதற்கு அவர் ஒருவரே பொறுப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

பொன்னியின் செல்வன் எங்கள் லைப்ரரியில் பைண்டு வால்யூமாக இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்துத் தைத்தது. மணியம் படம் ஒரு பக்கம் இருந்தால் அதன் முதுகில் பாதி நகைச்சுவைத் துணுக்கும் ஒரு தைல விளம்பரமும் இருக்கும். அந்த முப்பது வருஷத்துப் பழைய ஜோக்கின் மறுபாதியைத் தேடி நான் அலைந்தது ஒரு தனித் தொடர்கதை. நடுவில் சில வாரங்கள் காணாமல் போயிருந்தன. அந்த இடைவெளிகளில் பென்சில்காரர் நமக்குத் துணைக்கு நிற்பார்: ‘இந்த வாரம் இல்லை. பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது.’

குடந்தை சோதிடர் வரும் இடத்தில் அவருக்கு ஊர்ப் பாசம் பொங்கி, ‘இப்போதும் இப்படித்தான் சொல்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார். ஆனால் நான் காத்திருந்தது ஆதித்த கரிகாலன் கொலைக்கு. கொலைகாரன் பெயரை ஐந்தாம் பக்கத்திலேயே போட்டு உடைக்கிறவர் ஆயிற்றே, இங்கே என்ன எழுதியிருப்பார்? ‘ஆசிரியரே திட்டமாகச் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்ல?’ என்று ஒரு வரி. அதன் கீழே, அடக்க முடியாமல் இன்னொரு வரி: ‘உடையார்குடிக் கல்வெட்டில் பெயர்கள் உள்ளன. காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் உண்டு.’ நாவலுக்கு மதிப்புரை எழுதி வாசகனை பஸ் ஏற்றிவிட்ட விமர்சகர் தமிழில் வேறு யாராவது உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம். நான் போனேன். அனந்தீசுவரர் கோயில் சுவரில் இருந்த எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை. எதிரில் காபி நன்றாக இருந்தது.

துப்பறியும் நாவல்கள்தான் அவருடைய ராஜ்ஜியம். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்ப் பிரியர் என்பது ஊருக்கே தெரியும். அதைக் கணக்கெடுத்தவர் இவர் ஒருவர்தான். ‘இதுவரை தேநீர் 7. துப்பு 1.’ ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் மாதாமாதம் பாக்கெட் அளவில் வந்து குவிந்த நாட்கள். மற்றவர்கள் ஒன்றைப் படிப்பதற்குள் அவர் மூன்றைத் தணிக்கை செய்துவிடுவார். சுஜாதாவின் கணேஷ் வசந்தில் வசந்த் அடிக்கும் ஜோக்குகளுக்கு மட்டும் டிக் போடாமல் ஓரத்தில் ஒரு கோடு இழுத்திருப்பார், சிரித்ததற்கு அடையாளம் போல. துப்பறிகிறவர்களிலேயே அவர் முழு மதிப்பெண் கொடுத்தது தேவனின் சாம்புவுக்குத்தான். ‘தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரிந்த ஒரே துப்பறிவாளர். நம்பலாம்.’

என் இனிய இயந்திராவில் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது. நாங்களெல்லாம் அதன்மேல் உயிராக இருந்தோம். அவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் பழக்கம் விடுமா? ‘நாய் நன்று. பராமரிப்புச் செலவு யார் கணக்கில்?’

பேய்க் கதை ஒன்றின் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: ‘பகலில் படித்தேன். பயமில்லை. இரவில் படித்தவர்கள் எழுதவும்.’ கீழே வேறு வேறு கைகளில் நாலு பேர் எழுதியிருந்தார்கள். நாலாவது ஆள், ‘கொல்லைப்பக்கம் போகவில்லை’ என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சரியான எதிராளி கிடைத்தது குடும்ப நாவலில். லக்ஷ்மி, ரமணிசந்திரன் எல்லாம் அந்த லைப்ரரியில் தரையில் கால் பாவாமல் கைமாறுகிறவை. பென்சில்காரர் காதலை விட்டுவிட்டுக் கதாநாயகியின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாவலின் ஓரத்தில் முழு வரவுசெலவே இருந்தது: ‘சம்பளம் 450. வாடகை 120. தம்பி படிப்பு 60. அம்மா மருந்து 40. பட்டுப்புடவை எப்படி? விளக்கம் தேவை.’ அதன் கீழே நீல மையில், உருண்டையான எழுத்தில் ஒரு பதில்: ‘தவணையில் வாங்கியிருப்பாள். உங்களுக்கு என்ன வந்தது?’ பென்சில்: ‘தவணை பற்றிக் கதையில் குறிப்பு இல்லை.’ நீல மை: ‘பெண்கள் செய்வதெல்லாம் கதையில் வருவதில்லை.’ அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. நீல மை வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக் மட்டும் இருந்தது. முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்த நிர்வாக அதிகாரிக்கும் அவ்வளவு சீக்கிரம் அது கிடைத்திருக்காது.

லைப்ரரிக்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? முதலில் ரப்பர் வைத்து அழித்துப் பார்த்தார். ஒரு மாலையில் ஏழு புத்தகத்துக்குமேல் கை ஓடவில்லை. பிறகு அட்டையில் எழுதி மாட்டினார்: ‘புத்தகத்தில் கிறுக்க கூடாது.’ மறுநாள் அந்த அட்டையில் ‘கிறுக்க’வுக்கும் ‘கூடாது’வுக்கும் நடுவே பென்சிலால் ஒரு ‘க்’ ஏறியிருந்தது. அதோடு அவர் விட்டுவிட்டார். பென்சில் ஏறிய புத்தகம்தான் வாடகைக்கு நன்றாக ஓடுகிறது என்று அவருக்குள்ளும் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புகள் சுவரோரத்துக் கீழ்த்தட்டில் கிடந்தன. மாஸ்கோவில் அச்சாகி மூட்டையாக வந்த ருஷ்ய நாவல்கள் கெட்டி அட்டையும் நல்ல தாளுமாக, நம்ப முடியாத விலையில் கிடைத்தன. எல்லோருக்கும் பயம் பெயர்களில். தல்ஸ்தோயின் புத்துயிர்ப்பில் முன் அட்டையின் உள்பக்கம் முழுக்க அவர் குடும்ப மரம் வரைந்து வைத்திருந்தார். ‘கத்யூஷாவும் மாஸ்லவாவும் ஒரே பெண். இதைக் கண்டுபிடிக்க 40 பக்கம் ஆயிற்று. உங்களுக்கு ஆக வேண்டாம்.’ அந்த ஒரு வரியால்தான் நான் தல்ஸ்தோயைத் தாண்டினேன். கடைசிப் பக்கத்தில் அவர் நாவலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ‘இந்தத் தாளுக்கு இந்த விலை கட்டுப்படியாகாது. எத்தனை நாள் தாங்கும்?’ என்று மட்டும் எழுதித் தேதி போட்டிருந்தார். வருஷம் 1984. ஏழு வருஷம் தாங்கியது.

கதை இல்லாத நாவல்கள் என்று லைப்ரரிக்காரர் பெயர் வைத்திருந்த இலக்கியப் புத்தகங்கள், மொத்தமாக வாங்கிய மூட்டைகளில் தப்பி வந்து சேர்ந்தவை. அவற்றை எடுக்க இரண்டு பேர்தான். அவரும், அவரைப் பார்த்து நானும். ஒரு புளியமரத்தின் கதையில், ‘மரத்துக்கு எதிராக எல்லாத் தரப்பும் கணக்குக் காட்டுகிறது. மரம் காட்டவில்லை’ என்று எழுதியிருந்தார். இதைவிட நல்ல விமர்சனக் கட்டுரை ஒன்றைக் கல்லூரியில் எனக்கு யாரும் காட்டவில்லை. ஜே.ஜே: சில குறிப்புகள் வந்தபோது மனிதர் திணறிவிட்டார். ‘ஜே.ஜே. என்று மலையாளத்தில் எழுத்தாளர் யாருமில்லை. பாலக்காட்டு நண்பருக்குக் கார்டு போட்டு விசாரித்தாயிற்று’ என்றது முதல் குறிப்பு. இரண்டு வாரம் கழித்த தேதியில் அடுத்தது: ‘இல்லாவிட்டால் என்ன. இருந்திருக்கலாம்.’

எங்கள் பக்கத்து வலங்கைமானில் பிறந்த க.நா.சு. வாழ்நாள் முழுக்க நல்ல நாவல் எது, எது இல்லை என்று பட்டியல் போட்டே பாதித் தமிழ்நாட்டின் பகையைச் சம்பாதித்தார். ஒரு புத்தகத்துக்கு ‘படித்திருக்கிறீர்களா?’ என்றே பெயர் வைத்தார். பென்சில்காரரும் அந்தக் காவிரித் தண்ணீரைக் குடித்தவர்தான். ஆனால் பகை அவரை அண்டவில்லை. கையெழுத்துப் போடவில்லை அல்லவா?

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை நான் கண்டெடுத்ததும் இவரால்தான். 1972இல் வந்த நாவல். மெடானும் பினாங்குமாக யுத்த காலத்தில் அலைகிற தமிழர்களின் கதை. எழுதியவர் மதுரையில் நாளிதழ் வேலை பார்த்துக்கொண்டு சத்தம் காட்டாமல் இருந்தார். புத்தகமும் அப்படியே இருந்தது. எங்கள் பிரதியின் தேதிச் சீட்டில் மூன்றே மூன்று முத்திரைகள். டிக்கின் மேல் கிடந்த கீறல்களை வைத்துப் பார்த்தால் மூன்று முறையும் எடுத்தவர் அவரேதான். கடைசிப் பக்கத்தில் தடை இல்லை, கணக்கு இல்லை. ‘யாரும் எடுப்பதில்லை. எடு.’ மரியாதைப் பன்மையைக் கைவிட்டு அவர் எழுதி நான் பார்த்தது அந்த ஒரு இடத்தில்தான்.

இப்படியெல்லாம் நான் நம்பி வந்த மனிதர் என்னை ஏமாற்றினார். ஒரு பாக்கெட் நாவல், பெயர் மறந்துவிட்டது, மறக்கத் தகுந்ததுதான். பங்களா, பணக்காரர், கொலை. ஐந்தாம் பக்கத்தில் டிரைவர் பெயருக்கு அடியில் கோடிட்டு, ‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு தடை: ‘திருப்பம் எதுவும் இல்லை.’ டிரைவர் கார் கதவைத் திறந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எஜமானியம்மாவுக்கு அவன் சோடா வாங்கி வந்தபோது குடிக்காதே என்று கத்தலாம் போலிருந்தது. முடிவில் பார்த்தால் கொலை செய்தவன் மச்சான்.

மறுநாள் ஐந்து மணிக்கு வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவர்தான் பென்சில்காரர் என்று எனக்குத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் காட்டிக்கொண்டேன்.

“சார், டிரைவர்னு போட்டிருந்தீங்க. மச்சான்ல பண்ணியிருக்கான்!”

“தெரியும்” என்றார், குடையை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டியபடி.

“அப்புறம் ஏன் சார் அப்படி எழுதினீங்க?”

“மச்சான்தான்னு மூணாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு தம்பி. பாக்கி தொண்ணூறு பக்கத்தை வாடகை குடுத்து எடுக்கிறவங்க எப்படி ஓட்டுவாங்க? அந்த டிரைவர் வந்தப்பல்லாம் பயந்தீங்களா, இல்லையா?”

கொஞ்சம் யோசித்தேன். “பயந்தேன்” என்றேன்.

கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சைக்கிள் சீட்டின்மேல் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முன்பு எழுதிய தடைக்குக் கீழே எழுதினார்:

‘தடை நீக்கப்பட்டது.’

தேதி போட்டார். டிக்.