முன்பு குடியிருந்த மகாபாவி

உலகத்தில் மிகுதியான வசவுக்கு ஆளானவர் யார் என்று கணக்கெடுக்கப் புறப்பட்டால், சர்வாதிகாரிகளும் வருமான வரி அதிகாரிகளும் சம்பந்தி வீட்டாரும் முதல் ஸ்தானத்துக்குப் போட்டியிடுவார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் சென்னைப் பட்டணத்தில் இரண்டு தடவையாவது வாடகை வீடு மாறியவர்கள் இந்த அபிப்பிராயத்தை ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். பெயர் தெரியாமல், முகம் தெரியாமல், ஆயினும் தம் சரித்திரம் முழுவதையும் சமையலறைச் சுவரிலும் குளியலறைத் தரையிலும் விஸ்தாரமாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்ட ஒரு பிரகிருதி உண்டு அல்லவா? அந்த 'முன்பு குடியிருந்த மகாபாவி'க்கே அந்த ஸ்தானம் உரியது.

நாம் இங்கே தரிசிக்கப் போவது அந்தப் பாவியை அல்ல. அவரை வைகின்ற புண்ணியவானை. இவரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஐம்பது வயதை நெருங்கியவர்; கௌரவமான உத்தியோகம்; சொந்த வீடு கட்டும் உத்தேசம் ஒன்று வெகுகாலமாக மனத்தில் உண்டு; அது கைகூடும் வரையில் மூன்று நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை ஜாகை மாற்றிக்கொண்டிருக்கிறார். சுத்தம் என்ற விஷயத்தில் இவருக்கு மிக உன்னதமான லட்சியங்கள் உண்டு. அவற்றின் விசேஷம் என்னவென்றால், காலி செய்கிற வீட்டில் ஆழ்ந்த நித்திரையில் இருந்துவிட்டு, குடிபுகுகிற வீட்டின் வாசற்படியைக் கண்டதும் அவை திடுக்கென்று விழித்துக்கொள்ளும்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடிப் போர்ஷனை விட்டுவிட்டு நங்கநல்லூருக்குப் போவது என்று இவர் தீர்மானித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆடியில் குடிபோகலாகாது என்பதால் ஆவணி பிறக்கும் வரையில் காத்திருந்து, பஞ்சாங்கத்தைப் புரட்டி, புதன்கிழமை விடியற்காலையில் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுவதென்று ஏற்பாடு. இடையில் இருக்கிற நாட்களில் பழைய வீட்டைப் பெருக்கித் துடைத்து ஒப்படைக்கலாமே என்று வீட்டு அம்மாள் மெல்லப் பிரஸ்தாபிக்கிறார். அவ்வளவுதான், அதுநாள் வரை எவரும் சந்தேகித்திராத சாஸ்திர ஞானம் நம்மவரிடமிருந்து பெருக்கெடுக்கிறது. வியாழக்கிழமை ஆபீஸ் உண்டு. வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிப்பதா? மகாலட்சுமி கோபித்துக்கொள்வாள். சனிக்கிழமை பகல் முழுவதும் மூட்டை கட்டுவதிலேயே போய்விடும். விளக்கு வைத்த பிறகு துடைப்பத்தைத் தொடலாகாது. ஞாயிற்றுக்கிழமை லாரி நகர்ந்ததும் பெருக்கலாம் என்றால், புறப்பட்டுப் போன கையோடு வீட்டைப் பெருக்கினால் போனவர்களுக்கு ஆகாது என்று பாட்டி சொல்லியிருக்கிறாரே! ஆக, வாரத்தின் பாதியைச் சல்லடை போட்டுச் சலித்தும், துடைப்பத்துக்கென்று ஒரு நல்ல முகூர்த்தம் அகப்படவில்லை.

சாஸ்திரத்தை நம்பாதவர்களுக்காக இவரிடம் ஒரு பொருளாதார வாதமும் தயாராக இருக்கிறது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றது. 2017இல் இயற்றிய புதிய சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டியது. பட்டணத்து வழக்கமோ இந்தச் சட்டங்களையெல்லாம் தூரத்திலிருந்தே நமஸ்கரித்துவிட்டு, நெடுங்காலமாகப் பத்து மாத அட்வான்ஸ் என்பதில் நிலைகொண்டிருந்தது. மாதம் 12,000 ரூபாய் வாடகை என்றால் 1,20,000 ரூபாய் வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் வாசம் செய்யும். காலி செய்கிற அன்று அதிலிருந்து ஒரு மாத வாடகை 'பெயிண்டிங்' என்ற திருநாமத்தில் கழிந்துவிடும். வீட்டை நீங்கள் கண்ணாடியாக வைத்திருந்தாலும் கழியும். கரியாக வைத்திருந்தாலும் அதே தொகைதான் கழியும். "எப்படியும் பிடிக்கப் போகிறான், பிடிக்கிற காசுக்கு அவனே சுத்தம் செய்துகொள்ளட்டும்" என்கிறார் நம்மவர். அழுக்குக்கும் சுத்தத்துக்கும் ஒரே அபராதம் விதிக்கிற ராஜ்யத்தில் சுத்தமாக இருப்பதற்கு ஒருவனுக்கு அசாத்தியமான தர்மசிந்தை வேண்டும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் காலத்தில் இவ்வளவு மனஸ்தாபத்துக்கு இடமில்லாமல் இருந்ததற்குக் காரணம், மனிதர்கள் நல்லவர்களாக இருந்ததல்ல; சுண்ணாம்பு மலிவாக இருந்ததுதான். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்றி, வடிகட்டி, வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கலந்து, ஒரு குடித்தனம் போய் இன்னொரு குடித்தனம் வருவதற்குள் நார் மட்டையால் ஒரு பூச்சுப் பூசிவிடுவார்கள். சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சணமும் கிருமிகளும் மாயும். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அது மறுபடியும் கல்லாக இறுகும். போனவருடைய பாபங்களெல்லாம் அந்தக் கல்லுக்கு உள்ளே சமாதியாகிவிடும். இன்றைய டிஸ்டெம்பரும் எமல்ஷனும் விலையுயர்ந்த சமாசாரங்களாகிவிட்டபடியால், பிடித்துக்கொண்ட பெயிண்டிங் பணம் வேறு எங்கோ செலவழிந்துவிட, சுவர் பழைய சுவராகவே அடுத்த குடித்தனக்காரருக்குக் காட்சி கொடுக்கிறது. அவர் முகம் சுளித்தால் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து முகம் சுளித்து, "முன்னாடி இருந்தவங்க அப்படி, சார்!" என்று ஒரு பெருமூச்சு விடுகிறார். பதில் சொல்ல முன்னாடி இருந்தவர் அங்கே இல்லை என்பது இருவருக்கும் மிகவும் சௌகரியம்.

நம்மவர் திருவல்லிக்கேணியில் விட்டுச் சென்றவை எவை? அடுப்புக்கு மேலே, கடுகு வெடித்து வெடித்து மஞ்சளும் எண்ணெயுமாகப் படிந்த ஒரு விசாலமான பிரதேசம். சாய்வு நாற்காலி இருந்த இடத்தில், தலை உயரத்துக்குச் சுவரில் நல்லெண்ணெய் ஒளிவட்டம். குளியலறைக் கண்ணாடியில் ஒட்டுப் பொட்டுகள். கூடத்துச் சுவரில் பேரன் கிரேயானால் தீட்டிய யானையோ பேருந்தோ ஒன்று. காலண்டருக்காக அடித்து, சுவர்க் கடிகாரத்துக்காக அடித்து, எதற்காக என்று ஞாபகமில்லாமலும் அடித்த ஆணிகள். மின்விசிறி இறக்கைகளில் படுக்கையாகப் படிந்த தூசி. வீட்டுக்காரர் இவற்றைச் சுட்டிக்காட்டினால் நம்மவருக்கு மனம் புண்படுகிறது. "மனுஷங்க குடியிருந்த வீடு, சார், மியூசியமா?" என்று கேட்கிறார். பேரனுடைய யானையில் ஒரு சித்திரக்காரனின் எதிர்காலத்தையும், பொட்டுகளில் சௌபாக்கியத்தையும், எண்ணெய் வட்டத்தில் தமது சிந்தனை நேரங்களையும் அவர் காண்கிறார். பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்கு எடுத்துப் போகலாகாது என்பதற்காக அதையும் ஒரு மூலையில் சாத்திவைத்துவிட்டு, வருகிறவருக்கு உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு படியிறங்குகிறார்.

இதே கனவான் நங்கநல்லூர் வீட்டின் உள்ளே பிரவேசிக்கும் காட்சியைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றியவுடன் செய்கிற முதற்காரியம், எம்பி நின்று, நிலைக்கதவின் மேற்சட்டத்தில் ஆள்காட்டி விரலை ஓட்டுவது. ஓட்டிய விரலை மனைவிக்கும், லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருக்கிற ஆட்களுக்கும், எதிர்வீட்டுப் பெரியவருக்கும் காட்டி, "பார்த்தீங்களா? இப்படியும் ஒரு ஜன்மம் குடியிருந்திருக்கு!" என்கிறார். பிறகு கீழடியில் குழி தோண்டுகிற ஆராய்ச்சியாளர்களின் பொறுமையோடு அறை அறையாகச் சென்று, கண்டெடுத்த தடயங்களைக் கொண்டு முன்பு இருந்தவரின் குலம், கோத்திரம், நடத்தை அனைத்தையும் நிர்ணயிக்கிறார். அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு: தாளிக்கும்போது வாணலியை மூடத் தெரியாத குடும்பம். கண்ணாடியில் பொட்டு: சோம்பேறிகள். சுவரில் கிரேயான்: பிள்ளை வளர்க்கத் தெரியாதவர்கள். ஆணிகள்: ராட்சசர்கள். குழாயடியில் போர்த் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் வருஷக்கணக்கில் படிந்து இறுகிய வெள்ளைக் கறையைக் கண்டதும், பூமிக்கடியிலுள்ள பாறைகள் செய்த அந்தக் குற்றத்தையும் மகாபாவியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார். சகலத்தையும் செல்போனில் படம்பிடித்து, கோயம்புத்தூர் மைத்துனர் வரைக்கும் அனுப்பிவைக்கிறார். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, புதன்கிழமை பால் காய்ச்சிவிட்டுத் திரும்பும்போது, "வெள்ளிக்கிழமை காலையிலே ஆள் வைத்து இங்கே ஒட்டடை அடிச்சுடணும்" என்று உத்தரவிட்டவரும் இவரேதான். புது வீட்டு விஷயத்தில் மகாலட்சுமி ஆட்சேபிப்பதில்லை போலும்.

ஆளை வைத்துச் செய்தும் இவருக்கு மனம் ஆறவில்லை. ஞாயிறு பிற்பகல், தாமே களத்தில் இறங்குவதென்று சங்கற்பம் செய்துகொண்டு, தெருவில் சைக்கிளில் ஆசிட்டும் பினாயிலும் விற்கிறவனிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி, குளியலறையின் மொசைக் தரையில் தாராளமாக அபிஷேகம் செய்தார். தரை நுரைத்துப் பொங்கியது. "அழுக்கு எப்படிப் பொங்குது பார்!" என்று ஆனந்தக் கூச்சலிட்டார். பொங்கியது அழுக்கல்ல, மொசைக்கிலுள்ள சலவைக்கல் சில்லுகளும் சிமெண்டும் அமிலத்தில் கரைந்து விடுத்த கரியமில வாயு. உற்சாக மிகுதியில் அதன்மேல் ஒரு கை பிளீச்சிங் பவுடரையும் தூவினார். இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915ஆம் ஆண்டு ஏப்ரலில், பெல்ஜியத்து ஈப்ர நகரத்தண்டை ஜெர்மன் சேனை பல்லாயிரம் உருளைகளைத் திறந்து எதிரிகள்மேல் ஏவிய அதே சரக்கை, நம்மவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திய குளியலறையில் தனியொருவராக உற்பத்தி செய்துவிட்டார். கண்ணில் நீர் தாரை தாரையாக வழிய, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தவர், மூச்சுத் திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை: "படுபாவி! எவ்வளவு அழுக்கு விட்டிருந்தா இப்படி நெடி அடிக்கும்!"

வீட்டு அம்மாள் ஒன்றும் பேசாமல், ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, காற்று வெளியேறும் வரை எல்லோரையும் வாசலில் நிறுத்தினார். பிறகு அவரும் உதவிக்கு வந்த பெண்மணியுமாக ஏராளமான தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். குழாய்க் கறைக்குப் புளி; அடுப்பங்கரைப் பிசுக்குக்கு வெந்நீரும் சோடா உப்பும்; ஒட்டுப் பொட்டுகளுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்; மின்விசிறிக்கு, தூசி கீழே கொட்டாமல் அப்படியே வாங்கிக்கொள்ளும்படி பழைய தலையணை உறை. சாயங்காலத்துக்குள் வீடு வீடாகிவிட்டது. அமிலம் அரித்த இடத்தில் மட்டும் மொசைக் தன் பளபளப்பை இழந்து, சொரசொரவென்று, வெளுத்துக் கிடந்தது. எதிர்காலத்தில் அந்த வீட்டுக்கு வரப்போகிற ஒருவர் அந்தத் திட்டைச் சுட்டிக்காட்டித் தலையில் அடித்துக்கொள்வார் என்பது நிச்சயம்.

ஒரு வாரம் கழித்து, காலை வேளையில், அழைப்பு மணி அடித்தது. வாசலில் சாந்தமே உருவான ஒரு பெரியவர் நின்றார். தாம் முன்பு இந்த வீட்டில் குடியிருந்ததாகவும், இன்ஷூரன்ஸ் கடிதம் ஒன்று பழைய விலாசத்துக்கு வந்திருக்கலாம் என்றும் தயக்கத்தோடு சொன்னார். மகாபாவி நேரில் வந்து நிற்கிறார்! ஏழு நாட்களாகச் சேர்த்துவைத்த வசவு முழுவதையும் நம்மவர் இப்போது கொட்டித் தீர்க்கப் போகிறார் என்று வீட்டு அம்மாள் கலங்கியபடி காபி கலக்கப் போனார். ஆனால் நம்மவரோ, "வாங்க சார், உட்காருங்க, புது இடமெல்லாம் எப்படி?" என்று உபசரித்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க, சார்!" என்றார் பெரியவர். "இப்போ மாடம்பாக்கத்திலே இருக்கோம். எங்களுக்கு முன்னாடி இருந்தவன் இருக்கானே... மனுஷனா அவன்? சுவரெல்லாம் ஆணி. சமையலறையிலே கை வைக்க முடியலே. என் சம்சாரம் நாலு நாளா இடுப்பு வலின்னு படுத்திருக்கா."

"ஐயோ, பாவம்!" என்று உள்ளபடியே உருகினார் நம்மவர். "சார், காலி பண்றவனுக்கு ஒரு மனசாட்சி வேண்டாமா? நமக்குப் பின்னாடி ஒருத்தன் வரப்போறானேன்னு நினைக்க வேண்டாமா?"

"அதைச் சொல்லுங்க!" என்றார் பெரியவர்.

இருவரும் அரை மணி நேரம், ஒருவர் அழுக்கின்மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது மனிதர் ஒருவரை ஏகமனதாகக் கண்டித்துக் காபி அருந்தினார்கள். கடிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்த பெரியவர், கை கழுவக் குளியலறைப் பக்கம் போனார். போனவர், தரையைப் பார்த்துச் சற்று நேரம் அசையாமல் நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் பெருந்துயரம் குடிகொண்டிருந்தது. படியிறங்கும்போது, எதிர்வீட்டுப் பெரியவரிடம் தாழ்ந்த குரலில் அவர் சொன்னது நம்மவர் காதில் தெளிவாகவே விழுந்தது:

"நாங்க இருந்தப்போ வீட்டைக் கண்ணாடியா வெச்சிருந்தோம், சார். ஒரே வாரத்திலே என்ன பண்ணி வெச்சிருக்காங்க பாருங்க!"

நம்மவர் அன்று மாலைவரை கோபம் தணியாமல் கூடத்தில் உலாவினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அட்வான்ஸ் பாக்கியை வாங்கி வரத் திருவல்லிக்கேணிக்குப் போனவர், அங்கே புதிதாக வந்திருந்த குடித்தனக்காரர் ஜன்னலில் துணி உலர்த்தியிருந்ததைக் கண்டு மனம் நொந்து திரும்பி வந்து, "நாம எவ்வளவு சுத்தமா வெச்சிருந்த வீடு!" என்று மனைவியிடம் அங்கலாய்த்தார். எந்த வீட்டை எடுத்துக்கொண்டாலும் அதில் சுத்தமாகக் குடியிருந்தவர் ஒரே ஒருவர்தாம். அவர் யார் என்று தெரிய வேண்டுமானால், அந்த வீட்டைப் பற்றி அப்போது பேசிக்கொண்டிருப்பவர் யார் என்று பார்த்தால் போதும்.