ஹெரால்டுக்கு அசல் உதிரிபாகம்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1960-களில் மதராஸில் தயாரான கார். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டுக்குத் தம்பி முறை. பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினில் என்னென்ன இல்லை என்பதைத் தெருவே பார்த்துத் தெரிந்துகொள்ள இது பேருதவி.

இல்லாதவை கிடைக்குமிடம் சென்னை புதுப்பேட்டை. அங்கே விலை ஒட்டப்படுவதில்லை, வாசிக்கப்படுகிறது. பாகத்தைப் பார்த்ததும் வாங்குபவரின் கண் விரிந்தால் ஒரு விலை. “எங்கப்பா வெச்சிருந்த வண்டி” என்று குரல் தழுதழுத்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. பாசத்துக்கு இவ்வளவு மதிப்புத் தரும் கடைத்தெரு வேறில்லை. துரு இங்கே குறையல்ல, சான்றிதழ், துடைத்தால் செல்லாது. முதல் முறையிலேயே பொருந்தும் பாகம் போலி. அரம் போட்டு, சுத்தியலால் தட்டி, கெஞ்சி உட்கார வைத்தால்தான் அசல்.

பிரிட்டனில் டிரையம்ஃப் பிரியர்களுக்காகப் புதிதாகச் செய்த பாகங்கள் விற்கின்றன. பளபளவென்று, அட்டைப்பெட்டியில், அச்சிட்ட விலையோடு வருவதால் அவற்றை யாரும் நம்புவதில்லை. பின்கதவுக்கு அங்கும் வழியில்லை. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவின் தனிச் சொத்து.

எல்லாம் சேர்ந்து கார் முழுமையானதும் மதிப்பீடு நடக்கும். முழு வண்டியின் விலை, அதிலுள்ள பாகங்களின் விலையில் பாதி. கணக்கு அறிந்த உரிமையாளர் அன்று மாலையே ஸ்பேனரை எடுக்கிறார். மறுவாரம் புதுப்பேட்டையில் ஒரு பின்கதவு வந்திறங்குகிறது. துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டதால், அசல்தானா என்று கடைக்காரருக்கே சந்தேகம்.